கூரை இல்லாத ‘ஏ’: இட்டாலிக் எழுத்து ஓர் அறிமுகம்

சின்ன வகுப்பில் நாலு கோடு நோட்டில் ஆங்கிலம் எழுதிப் பழகியிருப்பீர்கள். அப்போது டீச்சர் சொல்லிக்கொடுத்த சின்ன ‘ஏ’ எப்படி இருந்தது? ஒரு வட்டம், அதன் வலப்பக்கம் ஒட்டி ஒரு கோடு, கோட்டின் அடியில் சின்னதாக ஒரு வால், அவ்வளவுதான். இப்போது ஏதாவது ஓர் ஆங்கிலச் செய்தித்தாளை எடுத்து அதில் அச்சாகியிருக்கும் சின்ன ‘ஏ’வைப் பாருங்கள். வட்டம் பாதி உயரத்துக்குச் சுருங்கிக் கீழே உட்கார்ந்திருக்கும், அதன் தலைக்கு மேலே ஒரு வளைவு கூரை மாதிரிக் கவிழ்ந்திருக்கும். இந்தக் கூரை போட்ட ‘ஏ’வை நம்மில் அநேகமாக யாரும் கையால் எழுதுவதில்லை, ஆனால் தினமும் படிக்கிறோம். இரண்டும் ஒரே எழுத்துதான் என்று யாரும் தனியாகச் சொல்லித்தந்ததாகவும் நினைவில்லை, எப்படியோ கண் பழகிவிட்டது.

இட்டாலிக் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ‘ஏ’வைத்தான். கணினியில் டைம்ஸ் நியூ ரோமன் மாதிரி நல்ல செரிஃப் எழுத்துரு ஒன்றை எடுத்துக்கொண்டு, சின்ன ‘ஏ’வைத் தட்டிவிட்டு, இட்டாலிக் பொத்தானை அழுத்துங்கள். கூரை காணாமல் போயிருக்கும். டீச்சர் சொல்லிக்கொடுத்த அதே ‘ஏ’, லேசாக வலப்பக்கம் சாய்ந்தபடி வந்து நிற்கும். எழுத்து சாய்ந்ததைவிட முக்கியமாக, எழுத்தே வேறாகிவிட்டது. இட்டாலிக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது. அது ஒரு கையெழுத்து. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் படித்தவர்கள் எழுதிய கையெழுத்து, ஈயத்தில் ஊற்றப்பட்டு அச்சுக்கு வந்தது.

பெயர்களைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். செரிஃப் என்பது எழுத்தின் கோடு முடியும் இடத்தில் பாதம் மாதிரி சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும் முனை. டைம்ஸ் நியூ ரோமனில் அது உண்டு, ஏரியலில் கிடையாது. நிமிர்ந்து நிற்கும் சாதாரண வடிவத்துக்கு அச்சுத் தொழிலில் ரோமன் என்று பெயர். சாய்ந்ததற்கு இட்டாலிக், அதாவது இத்தாலியிலிருந்து வந்தது என்று பொருள். தமிழில் சாய்வெழுத்து என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் பல குணங்களில் சாய்வு ஒன்றை மட்டும் பெயரில் பிடித்துக்கொண்டதால், நிமிர்ந்த எழுத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் இது கிடைத்துவிடும் என்ற தப்பெண்ணத்தையும் கூடவே கொடுத்துவிடுகிறது. ஜெர்மன்காரர்கள் குர்சிவ் என்கிறார்கள், ஓடுகிற எழுத்து என்பதுபோல. அது விஷயத்துக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது.

ஓடுகிற எழுத்து ஏன் என்றால், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பழைய லத்தீன் நூல்களைத் தேடிப் பிடித்துப் படியெடுத்த அறிஞர் கூட்டம் ஒன்று இருந்தது. நிக்கோலோ நிக்கோலி அவர்களில் ஒருவர், 1437-ல் இறந்தார். அச்சு வராத காலம், ஒரு நூல் வேண்டுமென்றால் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். நிறைய எழுதுகிறவர் கை வேகமாகப் போகும். வேகமாகப் போகிற கை, பேனாவை ஒவ்வொரு கோட்டுக்கும் தூக்கித் தூக்கி வைக்காது, இழுத்துக்கொண்டே போகும். அப்படி இழுக்கும்போது எழுத்து போகிற திசையில் சாய்கிறது, பக்கத்து எழுத்தை நெருங்குகிறது, ஒல்லியாகிறது, கூரை வளைவு மாதிரி நேரம் பிடிக்கும் உறுப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. முனை பட்டையாக வெட்டிய இறகுப் பேனா என்பதால் ஒரு பக்கம் இழுத்தால் தடிமனாகவும் இன்னொரு பக்கம் இழுத்தால் மெலிதாகவும் கோடு விழும். நிக்கோலியின் இந்த விரைவுக் கையெழுத்து மற்றவர்களுக்கும் தொற்றியது. அப்புறம் ரோமில் போப்பாண்டவரின் அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் வரை போய், அலுவலகக் கையெழுத்து என்றே பெயர் வாங்கிவிட்டது. அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த அரிகி என்பவர் இதை எப்படி எழுதிப் பழகுவது என்று ஒரு சின்னக் கையேடே போட்டார், அதில் 1522 என்று ஆண்டு இருக்கிறது. நம் நாலு கோடு நோட்டுக்கு அதைக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

அச்சுக்கு இதைக் கொண்டுவந்தவர் வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸ். ஈய எழுத்தை வார்க்கத் தேவையான மூல வடிவத்தை எஃகில் வெட்டிக் கொடுத்தவர் போலோன்யாவைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. 1500-ல் ஆல்டஸ் வெளியிட்ட புனித கேத்தரினின் கடிதத் தொகுப்பில், ஒரு படத்துக்குள்ளே சில சொற்கள் மட்டும் இந்த எழுத்தில் எட்டிப் பார்த்தன. 1501 ஏப்ரலில் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகள் முழுக்க முழுக்க இதிலேயே வந்தன. கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே படிக்கலாம் என்கிற அளவுக்குச் சின்னப் புத்தகம். பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும் உரையோ விளக்கமோ கிடையாது, வெறும் மூலம் மட்டும். ஒல்லி எழுத்தைப் போட்டால் தாள் மிச்சமாகும் என்பதற்காகத்தான் ஆல்டஸ் இதைக் கொண்டுவந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. அந்தப் புத்தகத்தை வாங்கப் போகிற ஆட்கள் தங்கள் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டிருந்த எழுத்து அது, புத்தகத்தைத் திறந்தால் நண்பர் ஒருவர் கைப்பட எழுதித் தந்தது மாதிரி இருந்திருக்கும். அதுவும் காரணம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் புத்தகத்தில் இட்டாலிக் எதையும் அழுத்திச் சொல்லவில்லை, எதற்கும் உதவியாளாக வரவில்லை. அதுதான் முழுப் புத்தகமும். இன்னொரு வேடிக்கை, பெரிய எழுத்துகள், அதாவது கேப்பிட்டல் எழுத்துகள், சாயவே இல்லை. சின்ன எழுத்துகளெல்லாம் சாய்ந்து ஓட, வரியின் தொடக்கத்தில் மட்டும் குட்டியாக ஒரு நிமிர்ந்த கேப்பிட்டல் காவலாளி மாதிரி நிற்கும்.

புதிதாக ஒன்று விற்றால் திருட்டுப் பதிப்பு வராமல் இருக்குமா? வெனிஸ் அரசிடம் ஆல்டஸ் உரிமை வாங்கி வைத்திருந்தார், ஆனால் அந்த உரிமை பிரான்ஸில் செல்லாது. லியோன் நகரத்து அச்சகங்கள் எழுத்தையும் காப்பியடித்தன, புத்தகத்தையும் காப்பியடித்தன. வெறுத்துப்போன ஆல்டஸ் 1503-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: போலிப் பதிப்புகளை அடையாளம் கண்டுகொள்ளுங்கள், அவற்றில் இன்னின்ன இடத்தில் இன்னின்ன அச்சுப்பிழை இருக்கிறது என்று. லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அழகாகப் பிழை திருத்தி அடுத்த பதிப்பைப் போட்டுவிட்டார்கள். உலகத்திலேயே காசு வாங்காமல் எதிராளிக்குப் புரூஃப் பார்த்துக் கொடுத்த பதிப்பாளர் அவராகத்தான் இருப்பார்.

கிரிஃபோவின் கதை அவ்வளவு சிரிப்பாக முடியவில்லை. எழுத்தை வெட்டியவர் அவர், உரிமை ஆல்டஸ் பெயரில். இருவரும் பிரிந்தார்கள், கிரிஃபோ வேறு பதிப்பாளர்களுக்கு வெட்டிக் கொடுத்தார், கடைசியில் சொந்த ஊருக்குத் திரும்பினார். 1516-ல் மருமகனை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றதாக அவர்மேல் வழக்கு வந்தது. அதற்கப்புறம் அவரைப் பற்றிய சுவடு மங்கிவிடுகிறது. இன்றைக்கு நாம் அழுத்துகிற இட்டாலிக் பொத்தானுக்குப் பின்னால் இந்த மனிதரின் கை இருக்கிறது.

அடுத்த ஐம்பது வருடத்தில் கதை பிரான்ஸுக்குப் போகிறது. அங்கேதான் இட்டாலிக்கின் வேலை மாறுகிறது. முழுப் புத்தகத்தையும் ரோமனில் போட்டு, முன்னுரை, மேற்கோள், கவிதை வரி மாதிரியானவற்றை மட்டும் இட்டாலிக்கில் போடுகிற வழக்கம் மெல்ல வந்தது. கேப்பிட்டல்களும் சாய ஆரம்பித்தன. இந்தக் காலத்து இட்டாலிக்கில் பெரிய கை ரொபேர் கிரான்ஜோன் என்பவருடையது. பாரிஸ் புத்தக வியாபாரியின் மகன், ஓர் இடத்தில் தங்காத ஆள். பாரிஸ், லியோன், ஆன்ட்வெர்ப் என்று சுற்றி, கடைசிக் காலத்தில் ரோமில் அரபி, அர்மீனியன், சிரியாக் எழுத்துகளைக்கூட வெட்டினார். அவருடைய இட்டாலிக் கிரிஃபோவுடையதைவிட அகலம், துள்ளல் அதிகம். கேப்பிட்டல்கள் எல்லாம் ஒரே கோணத்தில் சாயாது, ஒன்று கொஞ்சம் அதிகம், ஒன்று கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் தப்பு, வரியாகப் படித்தால் உயிரோட்டம்.

நீங்கள் காரமாண்ட் என்ற எழுத்துருவைக் கேள்விப்பட்டிருக்கலாம். கிளோட் காரமாண்ட் 1561-ல் இறந்த பாரிஸ் எழுத்து வெட்டுநர், ரோமன் எழுத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்வார்கள். ஆனால் இன்று காரமாண்ட் என்ற பெயரில் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள் பலவற்றில் ரோமன் மட்டும்தான் அவருடையதைப் பார்த்துச் செய்தது, இட்டாலிக் கிரான்ஜோனுடையது. அடோபி காரமாண்ட் (1989) அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் இபி காரமாண்டும் அப்படித்தான், அது ஃபிராங்க்ஃபர்ட்டில் எகெனோல்ஃப்–பெர்னர் அச்சகம் 1592-ல் போட்ட மாதிரித் தாளைப் பார்த்துச் செய்தது, பெயரிலுள்ள ‘இபி’ அந்த இரண்டு பெயரின் முதலெழுத்துதான். இன்னும் ஒரு குழப்பம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் வெறும் காரமாண்ட் என்று இருப்பது காரமாண்டும் இல்லை, கிரான்ஜோனும் இல்லை. காரமாண்ட் இறந்து ஐம்பது வருடம் கழித்து ழான் ஜனோன் என்பவர் வெட்டியதைப் பார்த்துச் செய்தது. இந்த ஆள்மாறாட்டத்தை 1926-ல் பியாட்ரிஸ் வார்ட் என்ற பெண்மணி கண்டுபிடித்து எழுதினார், அதையும் ஓர் ஆண் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு. எழுத்துரு உலகத்தில் பெயரை மட்டும் நம்பி எதையும் வாங்கக் கூடாது.

சரி, இந்த எழுத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இபி காரமாண்டை இறக்கிக்கொள்ளுங்கள், ரோமன் ஒரு வரி, அதே வாசகம் இட்டாலிக்கில் ஒரு வரி, இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக 48 பாயிண்ட்டில் தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிவது, இட்டாலிக் வரி குட்டையாக இருக்கும். ஒரே சொற்கள்தான், ஆனால் எழுத்துகள் ஒல்லி என்பதால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அப்புறம் அடியைப் பாருங்கள். ரோமன் ‘எம்’, ‘என்’ எல்லாம் கோட்டின்மேல் இரண்டு பக்கமும் பாதம் பரப்பி நிற்கும். இட்டாலிக்கில் அந்தப் பாதம் இருக்காது, பேனா உள்ளே வந்த தடமும் வெளியே போன தடமும் மட்டும் சின்னச் சுழிப்பாக மிஞ்சியிருக்கும். ‘இ’ எழுத்தில் நடுவே கிடந்த நேர்க்கோடு போய், கை தூக்காமல் சுழித்த ஒரே வளைவு வந்திருக்கும். ‘எஃப்’ ரோமனில் கோட்டின்மேல் நின்றது, இட்டாலிக்கில் கோட்டுக்குக் கீழே இறங்கி வால் விட்டிருக்கும். நாலு கோடு நோட்டில் மேல்கோட்டிலிருந்து கீழ்கோடு வரை இழுத்து எழுதிய அதே ‘எஃப்’. 16-ஆம் நூற்றாண்டு இட்டாலிக் அச்சைப் படிக்கும்போது ‘எச்’ ஒன்று தொல்லை கொடுக்கும், அதன் வலது கால் உள்பக்கமாக வளைந்து ‘பி’ மாதிரியே தெரியும். இரண்டு பக்கம் படித்தால் பழகிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது & என்ற குறி. இது லத்தீன் மொழியில் ‘உம்’ என்று பொருள்படும் ‘எட்’ என்ற இரண்டெழுத்துச் சொல், வேகத்தில் ஒன்றாகக் கலந்து குறியாகிப் போனது. ரோமனில் பார்த்தால் அது தெரியவே தெரியாது, ஏதோ முடிச்சு மாதிரி இருக்கும். காரமாண்ட் வகை இட்டாலிக்கில் தட்டிப் பாருங்கள், ‘இ’யும் ‘டி’யும் கைகோத்து நிற்பது பளிச்சென்று தெரியும். வக்கீல் அலுவலகம், துணிக்கடை, பேக்கரி என்று பெயர்ப்பலகையில் ரோமன் பெயருக்கு நடுவே இட்டாலிக் & குறியை மட்டும் போடுவார்கள், அந்த அழகுக்காகத்தான்.

ஈய அச்சுக் காலத்தில் இந்த ‘எஃப்’ பெரிய தலைவலி. அச்சு எழுத்து என்பது செவ்வகமான ஈயத் துண்டு. சாய்ந்த எழுத்தை நேரான துண்டுக்குள் அடைக்க முடியாது, ‘எஃப்’பின் தலை வலப்பக்கமும் வால் இடப்பக்கமும் துண்டைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து எழுத்து உயரமானதாக வந்துவிட்டால் நீட்டிய தலை அதில் முட்டி ஒடிந்துவிடும். ஒடியாமல் இருக்க, ‘எஃப்’பும் ‘ஐ’யும் சேர்ந்தது, ‘எஃப்’பும் ‘எல்’லும் சேர்ந்தது என்று இரண்டு எழுத்தை ஒரே துண்டாக வார்த்தார்கள். இன்றைக்குக் கணினியில் எதுவும் ஒடியப் போவதில்லை, ஆனாலும் நல்ல எழுத்துருக்களில் அந்தக் கூட்டு வடிவங்கள் இருக்கின்றன, தானாகவே வந்து விழும். முட்டல் மட்டும் இன்னும் தீரவில்லை. இட்டாலிக் சொல் ‘எஃப்’பில் முடிந்து அடுத்து நிமிர்ந்த அடைப்புக்குறி வந்தால் தலை போய்க் குறியில் இடிக்கும். அங்கே மயிரிழை அளவுக்கு இடைவெளி விட வேண்டும்.

இனி போலி இட்டாலிக். கணினிக்கு இட்டாலிக் கோப்பு தனி, ரோமன் கோப்பு தனி. ரோமன் மட்டும் இருந்து இட்டாலிக் இல்லையென்றால் பல மென்பொருள்கள் ‘இல்லை’ என்று சொல்வதில்லை, இருக்கிற ரோமனைப் பிடித்துச் சாய்த்துக் கொடுத்துவிடுகின்றன. இணையப் பக்கங்களிலும் இதுதான் நடக்கிறது, எழுத்துருவை இணைக்கும்போது இட்டாலிக் வடிவத்தைச் சேர்க்க மறந்தால் பிரவுசர் தானே சாய்த்துவிடும். பல வருடம் முன்பு ஒரு புத்தகத்தின் கடைசியில் ஆறு பக்கத்துக்கு ஆங்கில நூல் பட்டியல் இருந்தது, லேஅவுட் என்னுடையது. என் கணினியில் எல்லாம் சரியாக இருந்தது, அச்சகத்துக்கு எழுத்துருக்களை எடுத்துக் கொடுக்கும்போது இட்டாலிக் கோப்பு விட்டுப்போயிருக்கிறது. அங்கே திறந்தபோது மென்பொருள் மாற்று ஏற்பாடு செய்துகொண்டது. அச்சாகி வந்த புத்தகத்தைப் புரட்டினால் அந்த ஆறு பக்கத்திலும் நூல் பெயர்களில் கூரை போட்ட ‘ஏ’ அப்படியே சாய்ந்து, இப்போதோ இன்னும் சற்று நேரத்திலோ விழுந்துவிடும் என்பதுபோல நிற்கிறது. நூலாசிரியருக்கு அது கண்ணில் படவே இல்லை. எனக்கு இன்றுவரை அந்தப் புத்தகத்தைத் திறக்க மனசு வரவில்லை.

ஆகவே செரிஃப் எழுத்துரு என்றால் சோதனை எளிது: ‘ஏ’வுக்குக் கூரை இருக்கிறதா, ‘எஃப்’ கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். கூரை இருந்தால் பெரும்பாலும் போலி. ஏரியல் மாதிரி செரிஃப் இல்லாதவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அவற்றில் பலவும் ரோமனைச் சாய்த்தே செய்யப்பட்டவை, அதற்கு ஒப்ளீக் என்று தனிப் பெயரே உண்டு. ஒரு காலத்தில் ஸ்டான்லி மோரிசன் என்ற பெரிய வல்லுநரே, செரிஃப் எழுத்துக்கும் சாய்த்த ரோமன்தான் உயர்ந்த இட்டாலிக் என்று 1926-ல் வாதாடினார். ஆனால் 1932-ல் அவர் மேற்பார்வையில் டைம்ஸ் நியூ ரோமன் வந்தபோது அதன் இட்டாலிக்கில் ‘ஏ’வுக்குக் கூரை இல்லை.

எங்கே பயன்படுத்துவது? அடிப்படை ஒன்றுதான்: பேசிக்கொண்டிருக்கும் குரல் மாறுகிறது என்று காட்டுவது. போல்ட் எழுத்து பக்கத்தைத் திருப்பியவுடனே கூப்பிடும். இட்டாலிக் அப்படிக் கூப்பிடாது, படித்துக்கொண்டே அந்த இடத்துக்கு வரும்போதுதான் தெரியும். அதனால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தலைப்புக்குப் போல்ட், வாக்கியத்துக்குள் தொனி மாறுகிற இடத்துக்கு இட்டாலிக். ஆங்கிலத்தில் நூல், திரைப்படம், இதழ் ஆகியவற்றின் பெயர்கள் சாயும். கப்பல் பெயர் சாயும், ஆனால் முன்னொட்டு சாயாது: ஐஎன்எஸ் நிமிர்ந்து நிற்கும், விக்ராந்த் சாய்ந்திருக்கும். நீதிமன்றத் தீர்ப்புகளில் வழக்கின் பெயர் சாயும். ஆங்கில சப்டைட்டிலில் பாட்டு வரிகளும், போனில் அந்தப் பக்கம் பேசுகிறவரின் குரலும் சாய்ந்து வருவதைக் கவனித்திருப்பீர்கள், ஆள் திரையில் இல்லை என்று அர்த்தம்.

பிளஸ் டூவில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அறிவியல் பெயர் எழுதினால் அடிக்கோடு போட வேண்டும், அதுவும் பேரினப் பெயருக்குத் தனியாக, சிற்றினப் பெயருக்குத் தனியாக. வேப்பமரத்துக்கு அசாடிரக்டா இண்டிகா என்று எழுதி இரண்டு சொல்லுக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தால் தப்பு. அந்த அடிக்கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. அச்சில் இட்டாலிக்கில் வர வேண்டிய சொல்லைக் கையெழுத்துப் பிரதியிலும் தட்டச்சிலும் அடிக்கோட்டால் காட்டுவது அச்சுத் தொழிலின் பழைய வழக்கம். புரூஃப் பார்க்கிறவர் இன்றும் ஒரு சொல்லின் கீழே கோடு இழுத்தால் இதை இட்டாலிக் ஆக்கு என்றுதான் பொருள். வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் முன்னும் பின்னும் அடிக்கோட்டுக் குறியைப் போட்டால் அது சாய்கிறதே, அதே வழக்கம்தான் அங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது.

இயற்பியலில் இது இன்னும் கறார். அளவுகளின் குறியீடு சாயும், அலகுகளின் குறியீடு நிமிரும். சின்ன ‘எம்’ சாய்ந்திருந்தால் நிறை, நிமிர்ந்திருந்தால் மீட்டர். சின்ன ‘ஜி’ சாய்ந்திருந்தால் புவியீர்ப்பு முடுக்கம், நிமிர்ந்திருந்தால் கிராம். ஒரே சமன்பாட்டில் இரண்டும் வரும்போது பிரித்துக் காட்டுவது அந்தச் சாய்வு மட்டும்தான். வினாத்தாள் அடிக்கிறவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள், பிள்ளைகள் பாவம்.

முழுப் பத்தியும் இட்டாலிக்கில் இருக்கிறது, அதற்குள் ஒரு நூல் பெயர் வருகிறது, என்ன செய்வது? அதை ரோமனில் நிமிர்த்திவிட வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது வினோதமாகத் தெரியும், ஆனால் நியாயம்தான். எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறவர்தான் கண்ணில் படுவார்.

வேற்றுமொழிச் சொல்லைச் சாய்ப்பது என்றும் ஒரு விதி உண்டு, அதில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. ஆங்கிலத்தில் கதை எழுதும் நம்மூர்க்காரர்கள் சாம்பார், வேட்டி, அத்தை எல்லாவற்றையும் இட்டாலிக்கில் போடுவார்கள், பதிப்பகங்களும் கேட்டு வாங்கும். ஆனால் அந்தக் கதையில் பேசுகிற பாட்டிக்குச் சாம்பார் வேற்றுமொழிச் சொல்லா? அவர் வாயில் குரல் எங்கே மாறியது? இப்போது பலர் சாய்க்காமல் விடுகிறார்கள், அதுவே சரி என்று நினைக்கிறேன். வாசகருக்கு அறவே தெரியாத சொல்லாக இருந்தால் முதல்முறை மட்டும் சாய்த்துவிட்டு அப்புறம் நிமிர்த்திவிடலாம், அது ஒரு சமாதானம்.

எங்கே கூடாது என்பதற்கும் சில. பக்கம் பக்கமாக இட்டாலிக் போட்டால் கண் களைத்துவிடும். 1501-ல் ஆட்களுக்கு அது பழகிய கையெழுத்து, நமக்குப் பழகியது ரோமன். எழுத்துகளைப் பிரித்தறியச் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு இன்னும் கஷ்டம், பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கத்தின் வழிகாட்டியே இட்டாலிக்கைத் தவிர்க்கச் சொல்கிறது. சின்னத் திரையில் சின்ன அளவில் காரமாண்ட் இட்டாலிக்கின் மெல்லிய கோடுகள் கரைந்துபோகும், அங்கே ஜார்ஜியா மாதிரித் திரைக்கென்றே செய்த எழுத்துருவின் இட்டாலிக்கைப் போடுங்கள். அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன், அலங்கார இட்டாலிக் கேப்பிட்டல்களை வரிசையாக அடுக்காதீர்கள். வால் வைத்த கேப்பிட்டல் ஒரு சொல்லின் முதலெழுத்தாக வருவதற்காக வரைந்தது. எங்கள் உறவில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் முழுவதையும் அந்த எழுத்திலேயே போட்டுவிட்டார்கள். ஒன்பது எழுத்தும் ஒன்பது திசையில் வாலைச் சுழற்றிக்கொண்டு நின்றன. பெரியப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “பையன் பேரு என்னடா போட்டிருக்கு?” என்று என்னிடமே கேட்டார்.

தமிழுக்கு இட்டாலிக் உண்டா என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள். சாய்க்க முடியும், நோட்டோ செரிஃப் தமிழுக்குச் சாய்ந்த வடிவம் ஒன்று இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் நடந்த மாதிரி, ஓடுகிற கையெழுத்து ஒன்று தனி அச்செழுத்தாகி, நிமிர்ந்த எழுத்தோடு ஜோடி சேர்ந்து, இன்னின்ன இடத்துக்கு இது என்று வழக்கமாகிப்போன வரலாறு நம் அச்சுக்கு இல்லை. அதனால் வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ தமிழைச் சாய்த்தால் பெரும்பாலும் கிடைப்பது தள்ளிவிட்ட எழுத்துதான். உற்றுப் பார்த்தால் சங்கடம் தெரியும். எழுத்து சாயும்போது உச்சியில் இருப்பதுதான் அதிகம் வலப்பக்கம் நகரும், நம் புள்ளி உச்சியில் இருக்கிறது. ‘பக்கம்’ என்று தட்டிச் சாய்த்துப் பாருங்கள், முதல் ‘க’வின் புள்ளி அடுத்த ‘க’வை நோக்கிப் போய்விடும், சின்ன அளவில் படித்தால் எந்த எழுத்தின் புள்ளி என்று ஒரு கணம் தடுமாறும். கொக்கியின் மேல் சுழியும் அப்படித்தான், ‘கி’யின் தொப்பி பக்கத்து எழுத்தின் தலைக்குப் போகும். நான் தமிழ்ப் புத்தகம் செய்யும்போது நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி, அழுத்தத்துக்குக் கொஞ்சம் தடித்த எழுத்து, நீண்ட மேற்கோளுக்கு இரண்டு பக்கமும் உள்தள்ளிய பத்தி, இவற்றோடு நிறுத்திக்கொள்வேன். கூடவே ஆங்கில நூல் பெயர் வந்தால் அதை மட்டும் இட்டாலிக்கில் விடுவேன், அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புவதற்கு முன்னால் ‘ஏ’வுக்குக் கூரை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு.